சாலைப் பயிற்சியா, ட்ராக்கா? பைக் ஓட்டுபவர் முதலில் எதற்குப் போகலாம்

உரிமம் வாங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. வண்டி கைக்குப் பழகிவிட்டது. இன்னும் நன்றாக ஓட்ட வேண்டும், ஆனால் கைவசம் இருக்கும் நேரமும் பணமும் இந்த வருடம் ஒரு பயிற்சிக்குத்தான் போதும். இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: உயர்நிலைச் சாலைப் பயிற்சிக்குப் போவதா, ட்ராக்கில் (மூடிய பந்தயத் தடத்தில்) இறங்கிப் பார்ப்பதா?

இரண்டு பக்கமும் சத்தமாகப் பேச ஆட்கள் உண்டு. ட்ராக்கில் ஒரு நாள் ஓட்டினால் சாலையில் பல வருடம் ஓட்டியதற்குச் சமம் என்பார் ஒருவர். ட்ராக்குக்குப் போய்வந்தவர்கள்தான் சாலையில் ரேஸ் விடுகிறார்கள் என்பார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கேள்வியை இப்படித் திருப்பிப் போட்டால் முடிவெடுப்பது சுலபம்: உங்கள் குறை கண்ணில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா? ஆபத்தை நேரத்தோடு பார்க்கத் தவறுவது ஒரு குறை. பார்த்த பிறகும் கை சரியானதைச் செய்யாமல் விறைத்துப்போவது வேறு குறை. முதலாவதைச் சாலைப் பயிற்சி சரிசெய்யும், இரண்டாவதை ட்ராக் சரிசெய்யும். இடம் மாறிப் போனால் நாளும் பணமும் வீண்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "ட்ராக்" என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு விஷயங்கள் அடங்கிவிடுகின்றன. ட்ராக் டே என்பது வாடகைக்கு எடுத்த ட்ராக்கில் உங்கள் வண்டியை நீங்களே ஓட்டிக்கொள்வது. காலையில் விதிகளைச் சொல்வார்கள், பல இடங்களில் முதல் சில சுற்று ஒருவர் முன்னால் போய் லைன் (வளைவில் வண்டி போக வேண்டிய பாதை) காட்டுவார், அவ்வளவுதான். ட்ராக் பள்ளி என்பது பாடத்திட்டத்தோடு நடப்பது. ஒவ்வொரு செஷனுக்கும் ஒரே ஒரு பயிற்சி, பின்தொடரும் பயிற்றுநர், இறங்கியதும் தவறைச் சுட்டிக்காட்டும் பேச்சு என்று போகும். கீத் கோட் 1980-ல் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இந்த வகைக்கு நன்கு தெரிந்த உதாரணம். கீழே "ட்ராக்" என்று எழுதும்போது பள்ளியைத்தான் சொல்கிறேன். ட்ராக் டேவை முதல் பயிற்சியாக எடுத்துக்கொள்ள எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே இருக்கும் தவறான பழக்கத்தை அதிக வேகத்தில் ஒரு நாள் முழுக்கச் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு வருவதுதான் அதில் பெரும்பாலும் நடக்கிறது.

எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து அளவுகோல்கள் போதும்:

- நீங்கள் உண்மையில் ஓட்டும் இடத்தில் நடக்கும் விபத்தை அது தடுக்குமா
- வண்டியைக் கையாளும் திறன் எவ்வளவு வேகமாக ஏறும்
- கற்றது எத்தனை நாள் தங்கும்
- கட்டணத்துக்கு வெளியே என்ன செலவு
- கூடவே வரும் கெட்ட பழக்கம் என்ன

கடைசி அளவுகோலை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

விபத்துக் கணக்கு என்ன சொல்கிறது

பைக் விபத்துகளைப் பற்றிய பழைய, இன்றும் பேசப்படும் ஆய்வு ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்து 1981-ல் வெளியானது. சுமார் 900 விபத்துகளை நடந்த இடத்திலேயே ஆராய்ந்தார்கள். நான்கில் மூன்று பங்கு இன்னொரு வாகனத்தோடு மோதியவை. அவற்றில் மூன்றில் இரண்டில், பைக்குக்கு உரிய வழியை மறித்தது அந்த மற்ற வாகனம். மீதி நான்கில் ஒரு பங்கு ரைடர் தனியாக விழுந்தவை. அங்கே பெரும்பாலும் ரைடரின் தவறுதான்: பிரேக்கை அழுத்திப் பிடித்துச் சறுக்கியது, வளைவில் வேகம் அதிகமாகியோ போதுமான அளவு சாய்க்காமலோ வெளியே போனது. 1999, 2000 ஆண்டுகளில் ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 921 விபத்துகளை ஆராய்ந்த மெய்ட்ஸ் ஆய்விலும் பாதி விபத்துகளுக்கு முதன்மைக் காரணம் எதிரில் இருந்த வாகன ஓட்டியின் தவறு. ரைடரின் தவறு 37 சதவீதம்.

மற்றவரின் தவறை நேரத்தோடு பார்ப்பது கண்ணின் வேலை என்பதால், பெரிய பங்கு கண் சம்பந்தப்பட்டது, சிறிய பங்கு கை சம்பந்தப்பட்டது. ஆனால் இந்த விகிதம் எல்லோருக்கும் ஒன்றல்ல, வேகத்தைப் பொறுத்து மாறும். கணக்குப் போட்டால் புரியும்.

60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. சுமாராகப் பிரேக் பிடிப்பவர் 0.6 ஜி அளவில் (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) நிறுத்துவார் என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து நிற்க 23.6 மீட்டர் வேண்டும். நன்றாகப் பயின்றவர் 0.8 ஜி-யில் 17.7 மீட்டரில் நிறுத்துவார். லாபம் 6 மீட்டர். அதே சுமாரான ரைடர் ஆபத்தை அரை நொடி முன்னால் பார்த்திருந்தால் 8.3 மீட்டர் லாபம். இங்கே கண் ஜெயிக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் நல்ல பிரேக்கால் கிடைப்பது சுமார் 16 மீட்டர், அரை நொடியால் கிடைப்பது 14. இங்கே கை ஜெயிக்கிறது. 85 கி.மீ. வாக்கில் இரண்டும் சமம்.

ஹர்ட் ஆய்வில் விபத்துக்கு முன்பான வேகத்தின் இடைநிலை மணிக்கு 29.8 மைல், அதாவது சுமார் 48 கி.மீ. நகருக்குள் ஓட்டுபவருக்குச் சாலைப் பயிற்சியை முதலில் சொல்வதற்கு இந்த ஒரு எண் போதும்.

உயர்நிலைச் சாலைப் பயிற்சி

பயிற்றுநர் இன்னொரு பைக்கில் பின்னால் வருவார், காதில் ரேடியோ. ஒரு செஷன் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். சில அமைப்புகள் ஒன்றிரண்டு நாளில் முடிப்பார்கள், சில வாரக்கணக்கில் நடத்துவார்கள். பிரிட்டனில் 1956-ல் தொடங்கிய அட்வான்ஸ்டு மோட்டாரிஸ்ட்ஸ் நிறுவனம் போன்றவை தன்னார்வலர்களைக் கொண்டு நீண்ட காலம் பழக்கி, கடைசியில் தேர்வு வைக்கின்றன.

பாடத்தின் நடுத்தண்டு போலீஸ் ரைடர்களின் முறை: தகவல், இடம், வேகம், கியர், ஆக்சிலரேஷன் என்ற வரிசை. வளைவோ சந்திப்போ, முதலில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, அதற்கேற்ப லேனுக்குள் இடம் மாறுவது, பிறகு வேகத்தைக் குறைப்பது, அந்த வேகத்துக்கான கியர், கடைசியில் ஆக்சிலரேட்டர். கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பது ரேடியோவில் யாராவது சொல்லும்போதுதான் உறைக்கும். வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் குறைப்பது, அதனால் பின்சக்கரம் உலுக்குவது, பயந்து ஆக்சிலரேட்டரை மூடுவது, வண்டி அகலமாகப் போவது எல்லாமே வரிசை தவறியதன் விளைவுதான்.

வளைவில் கற்றுத்தரும் முக்கியமான கருவி மறைபுள்ளி. சாலையின் இரண்டு விளிம்பும் ஒன்று சேர்வதுபோலத் தெரியும் இடம் அது. அந்தப் புள்ளி உங்களை நோக்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும். உங்களோடு அதே வேகத்தில் நகர்ந்தால் வேகம் சரி. விலகி ஓடினால் வளைவு திறக்கிறது, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுக்கலாம். கூடவே ஒரு விதி: உங்கள் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் காலியான தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம் மட்டுமே. எதிர் வண்டியும் அதே தடத்தில் வரக்கூடிய குறுகிய சாலையில் அந்தத் தூரத்தில் பாதிதான் உங்களுடையது.

கிளைச் சாலை வந்து சேரும் இடத்தில் என்ன செய்வது என்பதற்கும் தனிப் பாடம் உண்டு. நேரே வரும் பைக்கின் முகம் குறுகலானது. காத்திருக்கும் கார்க்காரரின் கண்ணில் அது கடைசி நேரம் வரை பெரிதாவதில்லை, அதனால் வேகத்தையும் தூரத்தையும் தப்பாகக் கணிக்கிறார். எனவே லேனுக்குள்ளேயே அந்தக் காரிடமிருந்து விலகிய பக்கம் நகர வேண்டும், இரண்டு விரல் முன் பிரேக்கில் இருக்க வேண்டும், கண் அந்தக் காரின் முன்சக்கரத்தில் இருக்க வேண்டும். ஓட்டுநரின் முகம் உங்களைப் பார்ப்பதுபோல இருந்தாலும் அவர் பார்த்திருக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் சுழல ஆரம்பித்தால் அது பொய் சொல்லாது.

இதில் கிடைக்காதது என்ன? வண்டியின் எல்லை. பொதுச் சாலையில் எந்தப் பயிற்றுநரும் 40 டிகிரி சாய்க்கச் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. அவசர பிரேக்கை ஒரு காலி மைதானத்தில் 50 கி.மீ. வேகத்தில் நாலைந்து முறை செய்துபார்ப்பதோடு முடிந்துவிடும்.

மறைமுகச் செலவு நேரம்தான். செஷனுக்கு நடுவே தினமும் தனியாகப் பழகாவிட்டால் ஒவ்வொரு வாரமும் அதே திருத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். தன்னார்வலர் முறையில் பயிற்றுநரின் தரமும் ஆளுக்கு ஆள் மாறும். அதோடு வரும் கெட்ட பழக்கம் சடங்குத்தனம்: பார்ப்பதற்காக இல்லாமல், பின்னால் வருபவர் குறித்துக்கொள்ளட்டும் என்று தலையைத் திருப்புவது; பார்வை கூடுதலாகக் கிடைக்காத இடத்திலும் லேனின் ஓரத்துக்குப் போய் ஜல்லியில் ஓட்டுவது. பாடம் மனப்பாடமாகிவிட்டதற்கான அறிகுறி இது.

ட்ராக்

ஒரு நாள், 15 முதல் 20 நிமிடம் கொண்ட ஐந்தாறு செஷன்கள். எதிரே யாரும் வரமாட்டார்கள், கிளைச் சாலை இல்லை, அதே வளைவு சுற்றுக்குச் சுற்று திரும்ப வருகிறது. இந்தத் திரும்ப வருவதுதான் ட்ராக்கின் பெரிய வரம். சாலையில் ஒரு வளைவைச் சொதப்பினால் அதே வளைவு மறுபடி கிடைக்க நாளாகும். இங்கே இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். நுழையும் இடத்தை ஒரு மீட்டர் தள்ளிப்போட்டால் என்ன ஆகிறது என்பதை உடனே பார்த்துவிடலாம்.

முதலில் பழக்குவது ஹேண்டிலைத் தள்ளித் திருப்புவது. இடப்பக்கம் சாய இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும், வலப்பக்கத்துக்கு வலது. எல்லா ரைடரும் தெரியாமலே இதைச் செய்கிறார்கள். தெரிந்து, தேவையான அழுத்தத்தில் செய்பவர் குறைவு. தனி வாகனமாக வளைவில் வெளியே போகும் விபத்துகளில் பலவற்றில் டயருக்கு இன்னும் பிடிப்பு மிச்சம் இருக்கிறது, ரைடர்தான் சாய்ப்பதை நிறுத்திவிடுகிறார். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 60 கி.மீ. வேகத்துக்கு வேண்டிய சாய்வு சுமார் 30 டிகிரி. 70-க்கு சுமார் 38. சாலையில் 30 டிகிரிக்கு மேல் போயே பார்க்காதவருக்கு அந்தப் பத்து கி.மீ. தவறு மரண பயத்தைத் தரும்: கண் வெளி விளிம்பில் ஒட்டிக்கொள்ளும், கை விறைக்கும், வண்டி கண் போன இடத்துக்கே போகும். நல்ல டயரில், காய்ந்த சாலையில், 38 டிகிரி பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்குப் பெரிய விஷயமே இல்லை. இதை உடம்புக்குப் புரியவைக்க ட்ராக்கைவிட நல்ல இடம் கிடையாது.

பிரேக்கும் அப்படித்தான். எடுத்தவுடன் இறுக்காமல், முன் ஃபோர்க் அமுங்கி எடை முன்சக்கரத்துக்கு வரும்வரை ஒரு கணம் கொடுத்து, பிறகு அழுத்தத்தை ஏற்றுவது. வளைவுக்குள் சாயச்சாய அதைப் படிப்படியாக விடுவது. ஒரு நாளில் பல டஜன் முறை செய்யக் கிடைக்கும்.

செலவுதான் இங்கே ஒளிந்திருக்கிறது. முதலில் உடுப்பு: ஒரே துண்டான தோல் சூட் அல்லது இடுப்பில் ஜிப்பால் இணையும் இரண்டு துண்டு, முதுகுக் காப்பு, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட். வாடகைக்குக் கிடைக்கிறதா என்று முன்பே கேளுங்கள். அடுத்து வண்டித் தயாரிப்பு. கண்ணாடிகளைக் கழற்ற அல்லது மூட வேண்டும், விளக்குகளுக்கு டேப் ஒட்ட வேண்டும். கிளைகால் (glycol) கலந்த கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், சிந்தினால் தார் வழுக்கும், கழுவுவதும் கஷ்டம் என்பதால் பல ட்ராக்குகள் வெறும் தண்ணீர் கேட்கும். பிரேக் ஆயிலை மாற்றாமல் போகாதீர்கள். டாட் 4 என்ற தர வகைப் புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். நீண்ட நேர்கோட்டின் முடிவில் லிவர் ஹேண்டில்வரை வந்து தொடும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

டயர் காற்றும் கவனிக்க வேண்டியது. சாலையில் முன்னே 36, பின்னே 42 பிஎஸ்ஐ ஓட்டும் வண்டிக்கு ட்ராக்கில் குறைவாக வைப்பார்கள். எவ்வளவு என்பதற்கு டயர் கம்பெனி தரும் எண்ணே கணக்கு. மாலையில் திரும்ப ஏற்ற மறந்து அதே காற்றோடு நெடுஞ்சாலையில் வீடு திரும்புபவர்கள் நிறைய. பிறகு காப்பீடு: சாதாரணச் சாலைக் காப்பீடு பெரும்பாலும் ட்ராக்கில் நடப்பதற்குப் பொறுப்பேற்காது. விழுந்தால் வண்டிச் செலவு முழுக்க உங்களுடையது, வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் செலவும் சேர்த்து. வண்டியைப் பள்ளியே தரும் இடங்களில் சேத வைப்புத்தொகை எவ்வளவு என்று பாருங்கள்.

விழுவதும் எதேச்சையாக நடப்பதில்லை. முதல் செஷனில் குளிர்ந்த டயர், கடைசி செஷனில் களைத்த கை, இந்த இரண்டு நேரத்திலும் கவனம் வேண்டும். மாலையில் பிரேக் புள்ளி தானாகத் தள்ளிப்போக ஆரம்பித்தால் கடைசி செஷனை விட்டுவிட்டு மூட்டை கட்டலாம்.

கெட்ட பழக்கம் என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எந்த வழியில் வருகிறது என்பதைக் கவனிப்பதில்லை. வேக ஆசையைவிட லைன்தான் ஆபத்து. ட்ராக்கில் முழு அகலமும் உங்களுடையது, உள்விளிம்பைத் தொட்டு வெளிவிளிம்புக்குப் போவதுதான் சரி. அதே லைனைச் சாலையில் போட்டால் எதிர்ப்பக்கம் வளையும் வளைவில் உங்கள் தலை நடுக்கோட்டைத் தாண்டி நிற்கும், சக்கரம் கோட்டுக்கு உள்ளே இருந்தாலும். இன்னொன்று தன்னம்பிக்கை. நார்வேயில் இளம் கார் ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது இளம் ஆண்களிடம் வழுக்கு விபத்துகள் குறையவில்லை, கூடின. திறன் ஏறியதைவிட நம்பிக்கை அதிகமாக ஏறியதே காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பைக்குக்கு இது பொருந்தாது என்று நினைக்கக் காரணம் இல்லை.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | சாலைப் பயிற்சி | ட்ராக் பள்ளி | ட்ராக் டே |
|---|---|---|---|
| நகர, சந்திப்பு விபத்து | நேரடியாக உதவும் | மிகக் குறைவு | இல்லை |
| தனி வாகன வளைவு விபத்து | வேகத் தேர்வில் உதவும் | சாய்வு, பிரேக், பார்வை மூன்றிலும் உதவும் | அடிப்படை சரியாக இருந்தால் மட்டும் |
| திறன் ஏறும் வேகம் | வாரக்கணக்கு | ஒரே நாளில் தெரியும் | ஆளைப் பொறுத்தது |
| தங்கும் காலம் | தினமும் பயன்படுவதால் அதிகம் | பழகாவிட்டால் மங்கும் | பழகாவிட்டால் மங்கும் |
| மறைமுகச் செலவு | நேரம், எரிபொருள் | உடுப்பு, டயர், பிரேக், காப்பீடு | அதே, கூடுதலாக விழும் அபாயம் |
| கெட்ட பழக்கம் | சடங்குத்தனம் | ட்ராக் லைன், மிகை நம்பிக்கை | இரண்டும், திருத்த ஆளில்லாமல் |

யாருக்கு எது

முடிவெடுக்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு வாரம், சடன் பிரேக் பிடித்த அல்லது ஒதுங்கிய ஒவ்வொரு தடவையையும் இறங்கியதும் எழுதி வையுங்கள், "முன்பே தெரிந்திருக்க வேண்டுமா?" என்ற ஒரு கேள்வியோடு. வாரத்துக்கு மூன்று நான்கு "ஆம்" வந்தால் விவாதமே வேண்டாம், சாலைப் பயிற்சி.

அடுத்தது, போக்குவரத்தில்லாத மூடிய இடத்தில், முழு உடுப்போடு, காய்ந்த தரையில் பிரேக் சோதனை. வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லையென்றால் 30 கி.மீ. வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். 50 கி.மீ. வேகத்தில் ஓர் அடையாளத்தில் பிரேக் பிடித்து, நின்ற இடம்வரை அளந்து பாருங்கள். 0.8 ஜி-க்கு 12.3 மீட்டர், 0.5 ஜி-க்கு 19.7 மீட்டர். ஸ்பீடோமீட்டர்கள் பொதுவாக உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் உங்கள் அளவு இருப்பதைவிட நன்றாகவே தெரியும். 18 மீட்டருக்கு மேல் வந்தால் பிடிப்பில் பாதியைத்தான் பயன்படுத்துகிறீர்கள். இதற்கு ட்ராக் தேவையில்லை, மூடிய மைதானத்தில் நடக்கும் ஒரு நாள் பிரேக், ஒதுங்கல் பயிற்சியே போதும், செலவும் குறைவு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இந்த வழியைப் பலர் யோசிப்பதே இல்லை.

தினமும் நகருக்குள் ஓட்டுபவர், பின்னால் ஆளை ஏற்றிப் போகிறவர், நீண்ட பயணம் போகிறவர், பல வருடம் கழித்து மறுபடி பைக்குக்கு வருபவர்: சாலைப் பயிற்சி முதலில்.

மலைப்பாதையில் அடிக்கடி ஓட்டி, ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வளைவில் அகலமாகப் போகிறவர், சாய்க்கவே பயப்படுகிறவர், கைப்பிடியை இறுக்கிப் பிடித்து முன்கை வலிக்கிறவர்: ட்ராக் பள்ளி முதலில். இவர்களுக்குச் சாலைப் பயிற்றுநர் "மெதுவாகப் போங்கள்" என்பார். அது சரியான அறிவுரைதான், ஆனால் பயம் அப்படியே இருக்கும்.

வேகமாகப் போகும் ஆசை அடங்கவில்லை என்பவருக்கு ட்ராக் நல்ல வடிகால் என்பார்கள். ஓரளவு சரி. ஆனால் ட்ராக்குக்குப் போன பிறகு சாலை வேகம் உண்மையில் குறைந்ததா என்று நேர்மையாகப் பார்ப்பவருக்கு மட்டும். இரண்டையும் செய்ய முடிந்தால் சாலையை முதலிலும் ட்ராக்கைப் பிறகும் வையுங்கள், நடுவில் சில மாதம் விட்டு.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

சாலைப் பயிற்சியில்: ஒரு பயிற்றுநருக்கு எத்தனை ரைடர்? இரண்டுக்கு மேல் என்றால் ரேடியோவில் உங்களுக்கு வரும் திருத்தம் குறைந்துவிடும். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் எழுத்தில் குறிப்பு தருவார்களா? மழையில் நடத்துவார்களா, தள்ளிப்போடுவார்களா? நடத்துபவர்களே நல்லது, ஈரச் சாலையைக் கற்க வேறு வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

ட்ராக்கில்: பிரிவை எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? நீங்கள் எழுதித்தரும் அனுபவத்தை வைத்தா, முதல் செஷனில் பார்த்தா? தொடக்கப் பிரிவில் முந்தும் விதி என்ன? வளைவுக்குள் முந்தலாம் என்றால் வேறு இடம் பாருங்கள். ஆம்புலன்ஸ் நாள் முழுக்க நிற்குமா, அது காயம்பட்டவரோடு வெளியே போனால் ட்ராக்கை மூடுவார்களா? சத்த வரம்பு எத்தனை டெசிபல், மாற்று சைலென்சர் போட்ட வண்டியை அளப்பது எந்த நேரத்தில்? வாசலில் திருப்பி அனுப்பப்படும் வண்டிகளுக்குக் கட்டணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.